மாப்பிள்ளை வந்தால் முட்டை குறையும்

பதினேழாவது பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு தீவன மூட்டைகளுக்குப் பின்னால் பாய்ந்தான்.

புள்ளியியல் துறையில் உதவி அதிகாரி. பன்னிரண்டு வருட சர்வீஸ். இப்போது சொந்த மாமனாரின் கோழிக் கொட்டகையில் பின்சுவர் ஏறிக் குதித்து, முழங்காலில் கிழிந்த பேன்ட்டோடு குந்தியிருந்தான். சுற்றிலும் இரண்டாயிரம் கோழிகள். அதில் ஒன்று அவனுடைய ஷூ லேஸைப் புழு என்று முடிவு கட்டி இழுக்கத் தொடங்கியிருந்தது.

"போ" என்று உதட்டை மட்டும் அசைத்தான். கோழி போகவில்லை. இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டது.

செல்போன் அதிர்ந்தது. மனைவியிடமிருந்து குறுஞ்செய்தி. 'அப்பா அங்கதான் வர்றார். ஓடுங்க.' ஓடுவதற்குக் கொட்டகைக்கு ஒரே ஒரு வாசல். அந்த வாசலில்தான் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பதினைந்து நாளைக்கு முன்னால் மனைவி படியில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். அவர்கள் குடியிருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஏறி இறங்க முடியாது. ஆறு வாரம் அப்பா வீட்டிலேயே இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை ஆசையாகப் பார்க்க வந்தால், மாமனார் கேட்டிலேயே மறித்தார். கையில் கட்டம் போட்ட ஒரு தாள்.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. நீங்க வந்தா முட்டை குறையுது."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. தாளில் நாற்பது வாரத்துக்கு நாற்பது புள்ளி. படுக்கைக் கோட்டில் மாப்பிள்ளை தங்கிய நாட்கள், நிற்கும் கோட்டில் அந்த வாரத்து முட்டை. அவன் எட்டிப் பார்க்காத வாரங்கள் எல்லாம் உச்சாணியில் இருந்தன. இரண்டு நாள் தங்கிய வாரங்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஓரத்தில் சிவப்பு மையில், இரண்டும் எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு: மைனஸ் 0.84. அவனுடைய அலுவலகத்தில் இப்படி ஒரு எண் கிடைத்தால் மேலதிகாரி கேக் வெட்டியிருப்பார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், புள்ளி வைக்கவும் கெழு கண்டுபிடிக்கவும் மாமனாருக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். போன வருடம் இதே வீட்டில், கொஞ்சம் பந்தா காட்டலாம் என்று.

"ரெண்டு விஷயம் சேர்ந்து நடக்குதுன்னா, ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு அர்த்தமில்ல மாமா."

"அதெல்லாம் உங்க ஆபீஸ்ல. இங்க நடக்கிறது கோழிப் பண்ணை. ஆறு வாரம்தானே, போன்ல பேசிக்குங்க."

கேட் சாத்தப்பட்டது. அன்றிலிருந்து போனில்தான் குடும்பம் நடக்கிறது. கொட்டகையில் ஆணியில் தொங்கும் தினசரி முட்டைக் கணக்கு நோட்டு கைக்குக் கிடைத்தால் தப்பிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. எந்த ஆணி என்று துப்புக் கொடுத்தது மனைவி.

இப்போது வாசலில் மாமனாரின் குரல் நிதானமாக வந்தது.

"என் தீவன மூட்டை எதுவும் ஷூ போடாது மாப்பிள்ளை. வெளிய வாங்க."

வந்தான். தலையில் தவிடு. லேஸின் மறுமுனையில் கோழி.

"நோட்டு?"

"இந்தாங்க. ஆனா ரெண்டு நிமிஷம் குடுங்க மாமா. அப்புறம் நானே போயிடறேன்."

மாமனார் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணரை நிமிஷம்."

மாப்பிள்ளை பதினேழாவது பக்கத்தைப் பிரித்தான். "உங்க படம் வாரக் கணக்கு. வாரத்துக்குள்ள எது முதல்ல நடந்தது, எது பின்னாடி நடந்ததுன்னு அதுல தெரியாது. இதுல நாள் கணக்கு இருக்கு. செவ்வாய்க்கிழமை ஆயிரத்து எண்ணூறு முட்டை. புதன் ஆயிரத்து அறுநூத்துத் தொண்ணூறு. வியாழன் ஆயிரத்து ஐநூத்து எழுபது. வெள்ளி ஆயிரத்து நானூத்து எண்பது. நான் எப்ப வந்தேன்?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"புதன்கிழமையே இறங்க ஆரம்பிச்சாச்சே."

மாமனார் யோசித்தார். "நீங்க வரப்போறீங்கன்னு கோழிக்குத் தெரிஞ்சிருக்கும்."

"புதன்கிழமை எனக்கே தெரியாது மாமா."

மாப்பிள்ளை விடவில்லை. "ஒரு முட்டை உருவாக எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல. இதைக்கூட நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணுமா?"

"அப்போ காலைல பத்து மணிக்கு நீங்க எண்ணி முடிச்ச முட்டைய, சாயங்காலம் வந்து இறங்குறவன் எப்படிக் குறைக்க முடியும்? நான் வந்தது பதினோரு தடவை. பதினோரு தடவையும் இறக்கம் முதல்ல, நான் அப்புறம்."

மாமனார் நோட்டை வாங்கிக்கொண்டார். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினோராவது பக்கம் தாண்டியதும் அவர் முகம் மாறியது. கண்கள் விரிந்தன. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். இன்னும் என்ன கிடைத்துத் தொலைத்ததோ.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"நீங்க வந்துட்டுப் போன பிறகு, ஞாயிறு ஏறியிருக்கு. திங்கள் ஏறியிருக்கு. செவ்வாய் பழைய அளவுக்கே வந்துடுச்சு." பக்கத்தைத் திருப்பினார். "இதுலயும் அப்படித்தான். இதுலயும்." எழுந்து நின்றுவிட்டார். "நீங்க முட்டையைக் குறைக்கல. நீங்கதான் மருந்து."

மாப்பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது. இப்படி ஒரு முடிவைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்து அவனுக்குப் பழக்கமில்லை. ஒரு வாரம் வெயில் அதிகம், ஒரு வாரம் தண்ணீர்க் குழாயில் அடைப்பு, ஒரு வாரம் புதுத் தீவனம் கோழிக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் நாலைந்து நாளில் சரியாகிவிடும், முட்டையும் ஏறிவிடும். அடிமட்டத்துக்கு இறங்கிய நாளில் பார்த்து ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்தாலும் பூசணிக்காய்க்குத்தான் பேர் கிடைக்கும். இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அப்போது எதிரே வீட்டு ஜன்னலில் ஒரு ஊன்றுகோல் தெரிந்தது. அதன் பின்னால் மனைவி. என்ன ஆச்சு என்று ஊன்றுகோலாலேயே கேட்டாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு, "இருக்கலாம் மாமா" என்றான். பன்னிரண்டு வருடத்தில் அவன் தெரிந்தே ஒப்புக்கொண்ட முதல் தப்புக் கணக்கு அது.

"ஆறு வாரம் முடியற வரைக்கும் இங்கயே தங்குங்க. கொட்டகைக்குள்ளயே ஒரு கட்டில் போடச் சொல்லட்டுமா?"

"வீட்ல இருந்தாலே வேலை செய்யும் மாமா."

மனைவி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வந்த காரியம் முடிந்தது, ஆனால் ஒரு முள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

"பதினோரு தடவை வந்திருக்கேன். பதினோரு தடவையும் முட்டை படு மோசமா இருந்தப்பதான் வந்திருக்கேன். இது தற்செயலா நடக்காதும்மா. கோழி நிலவரம் எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே கிளம்பலாம்னு சொல்வேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. வியாழன், வெள்ளி வாக்குல அம்மா போன் பண்ணுவாங்க. மாப்பிள்ளையப் பார்க்கணும் போல இருக்கு, கூட்டிட்டு வான்னு."

மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. அதிகம் பேசாத மாமியார். மனதுக்குள் இவ்வளவு பாசமா. ஆனால் உச்சி எவ்வளவு குளிர்ந்தாலும் கணக்கு கணக்குதானே. பாசம் எதற்கு வியாழன், வெள்ளி பார்த்துப் பொங்க வேண்டும்?

எழுந்து சமையலறைக்குப் போனான். மாமியார் கேரட் சீவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். முட்டை குறையறப்ப எல்லாம் நீங்க எங்களுக்குப் போன் பண்ணியிருக்கீங்க."

சீவுவது நின்றது. மாமியார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். கணவர் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறார் என்று உறுதியானதும் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க மேல எனக்குப் பாசம் இல்லன்னு நினைச்சுடாதீங்க மாப்பிள்ளை. ஆனா முட்டை குறைஞ்சா உங்க மாமா கொட்டகைல நிக்க மாட்டார். கோழிகிட்ட செல்லாத அதிகாரத்தை எல்லாம் தூக்கிட்டு நேரா இங்க வந்துடுவார். முதல் நாள் டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டுவார். ரெண்டாம் நாள் என் கத்தியை இடம் மாத்தி வைப்பார். மூணாம் நாள் நான் போனை எடுத்துடுவேன். நீங்க வந்துட்டா போதும், பொழுதன்னிக்கும் உங்களப் பிடிச்சு உக்கார வெச்சுக் கோழிக் கதை சொல்லிட்டிருப்பார், சமையலறைப் பக்கம் தலை வெச்சுக்கூடப் பார்க்க மாட்டார்."