உதட்டுப் பேச்சு

மில்லில் அவளுக்குச் சங்கு என்று பெயர். ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்குக்கும் அவள் குரலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பார்கள் தறிக்கூடத்துப் பெண்கள். பதினெட்டு வருடம் தறிச் சத்தத்தில் நின்றதில் காது பாதி போய்விட்டது. காது விட்டுக்கொடுத்ததைத் தொண்டை எடுத்துக்கொண்டது. வீட்டில் அவள் உப்பு எங்கே என்று கேட்டால் நாலாவது வீட்டிலிருந்து உப்பு வந்து சேரும்.

ஆனால் தறிக்கூடத்துக்குள் அந்தக் குரலுக்கு ஒரு வேலையும் இல்லை. நூற்று இருபது தறிகள் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அங்கே பெண்கள் உதட்டால்தான் பேசுவார்கள். சத்தமே இல்லாமல், வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் வைத்துக் காட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதத்தில் எல்லோருக்கும் இது வந்துவிடும். யார் வீட்டில் சண்டை, யாருக்கு எத்தனையாவது மாதம், மேனேஜர் போட்டிருக்கிற சட்டை என்ன கண்றாவிக் கலர் என்று கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அரை நிமிடத்தில் செய்தி போய்விடும். மேனேஜர் நட்டநடுவில்தான் நின்றுகொண்டிருப்பார். அவருக்கு ஒன்றும் புரியாது. புரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்பேர்ப்பட்ட சங்குதான், பேச வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் நாத்தனாரும் அதே கூடத்தில் நாலு தறி தள்ளி வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். துணி காயப்போடும் கொடியிலிருந்து சீப்பில் சிக்கிய முடிவரை எல்லாவற்றுக்கும் சண்டை. ஆனாலும் நாத்தனாரை மில்லில் சேர்த்துவிட்டது சங்குதான். உதட்டுப் பேச்சைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். சொல்லிக்கொடுத்த முதல் வார்த்தையே, "கை பத்திரம்."

தறியின் பக்கத்தில் ஓடும் பெல்ட்டை ஓர் இரும்புத் தகடு மூடியிருக்கும். நூல் சிக்கினால் தகட்டைக் கழற்றி, நூலை எடுத்து, மறுபடி முடுக்குவதற்கு நாலு நிமிடம் பிடிக்கும். நாலு நிமிடம் வீண் என்று மேனேஜர் எல்லாத் தகடுகளையும் கழற்றி ஸ்டோரில் போடச் சொன்னார். அதற்கு ஒன்பதாம் நாள் நாத்தனாரின் சட்டைக் கையைப் பெல்ட் இழுத்தது. சங்கு பார்த்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவள் கத்தியது அன்றைக்கு ஒருவர் காதிலும் விழவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

தொழிலாளர் அதிகாரி விசாரணைக்கு வருவதற்குள் எல்லாத் தகடுகளும் தறியில் ஏறியிருந்தன. விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாத்தனாரின் தறியைச் சுற்றி வேலை பார்த்த நாற்பது பெண்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நான் பாக்கல சார்." நாற்பதில் சங்கும் ஒருத்தி. புருஷன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதம் அது. அந்தக் காரணத்தை அவள் தனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தாள், உள்ளே இறங்கவில்லை.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். மறுநாளே தகடுகள் ஸ்டோருக்குத் திரும்பின. நாத்தனாரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

"நீங்க கூடவா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள் நாத்தனார். அதோடு சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள். கையை ஒரு துணிப்பைக்குள் விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "ஒருவேளை நான்தான் கவனமில்லாம இருந்துட்டேனோ என்னவோ. எல்லாரும் பொய்யா சொல்வாங்க?" விரல் போனபோதுகூடச் சங்கு அப்படி அழவில்லை. அன்றைக்குப் புறக்கடையில் நின்று அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். பெண் தொழிலாளர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஆவணப்படம். இயக்குநர் ஒரு பெண். பெரிய கண்ணாடி போட்டிருந்ததால் முதல்நாளே கண்ணாடியம்மா ஆகிவிட்டார். நல்ல மனுஷி. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார், குழந்தைகள் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டார். கூடத்தில் மூன்று நாள் கேமராவோடு நின்றும் பெண்கள் உதட்டால் பேசுகிறார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. மேனேஜர் பக்கத்திலேயே நிற்கும்போது எப்படிச் சொல்வது?

பேட்டிக்குச் சத்தமில்லாத இடம் வேண்டும் என்று நூல்கண்டு அடுக்கிய கிடங்கில் சங்கை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். மேனேஜர் வெளியே நின்றுவிட்டார். இந்த வாய்ப்பு போனால் திரும்ப வராது என்று சங்குக்குத் தெரிந்தது.

"அக்கா, இங்க சத்தம் இல்ல. சும்மா இயல்பா பேசுங்க. வாயை இவ்வளவு பெரிசாத் திறக்க வேணாம்" என்றார் கண்ணாடியம்மா.

"பதினெட்டு வருசப் பழக்கம் மேடம். இனிமே இந்த வாய் சின்னதாகாது."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தகடு, நாலு நிமிடம், ஒன்பதாம் நாள், மேனேஜர் அறை, நாற்பது பொய், அதில் தன்னுடைய ஒன்று. சொல்லி முடித்தபோது கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று இரவு இதைக் கேட்டு வீட்டில் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். "வேலையும் போகப்போகுது. இதனால என்ன ஆயிடும்?" என்றான். "ஊதுற சங்க ஊதிட்டேன். விடியறப்ப விடியட்டும்" என்றாள் அவள்.

மூன்று மாதம் கழித்து மில் சாப்பாட்டுக் கூடத்திலேயே முதல் காட்சி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டு ஷிப்டுக்கும் நடுவில், மத்தியானம். தலைமை விருந்தினர், அதே தொழிலாளர் அதிகாரி. அறிவிப்பைப் படித்ததும் சங்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வரமாட்டேன் என்று அடம்பிடித்த நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள்.

வாசலில் கண்ணாடியம்மா நின்றிருந்தார். சங்கைக் கண்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, உங்க முகம் அவ்வளவு நல்லா வந்திருக்கு. அந்த ஒரு ஷாட்டுக்காகவே படத்தப் பாக்கலாம்."

"முகம் கெடக்கட்டும் மேடம். பேசினது?"

"அது... முதலாளி தரப்புல பாத்துட்டு, அத எடுத்தாத்தான் படம் வெளியவே வரும்னு... குரலை மட்டும் எடுத்துட்டோம். ஷாட்டை விட எனக்கு மனசு வரல." சொல்லிவிட்டு அவர் யாரோ கூப்பிட்டதுபோல உள்ளே போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

சம்மதம் வாங்கி உட்காரவைத்து, குரலை உருவிக்கொண்டு, மூஞ்சியை மட்டும் சுவரில் மாட்டப் போகிறார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள் சங்கு. நாத்தனார் அதற்குள் இருநூறு பெண்களுக்கு நடுவில், பெஞ்சின் ஓரத்தில், துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். முன்வரிசை நாற்காலிகளில் அதிகாரியும் மேனேஜரும்.

படம் தொடங்கியது. தறிக்கூடம் திரை முழுக்க விரிந்தது. தறிச் சத்தத்தைக் குறைத்து, கனத்த ஆண்குரல் ஒன்று பேசியது: "இங்கே மனிதர்கள் பேசுவதில்லை. இயந்திரங்கள் மட்டுமே பேசுகின்றன."

திரையில் மூன்றாம் தறிக்காரி உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மேனேஜர் வயித்த எக்கிக்கிட்டு நடக்கறதப் பாரு, படத்துல வர்றாராம்." ஐந்தாம் தறிக்காரி பதில் சொன்னாள்: "மூச்ச விட்டா பட்டன் தெறிக்கும், தள்ளி நில்லு."

கூடம் வெடித்துச் சிரித்தது. இருநூறு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜர் திரும்பிப் பார்த்துத் தானும் புன்னகைத்தார், படம் பிடித்துப்போயிற்று போல என்று. கண்ணாடியம்மா மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கும்படி அந்த இடத்தில் எதையும் அவர் வைத்திருக்கவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் சங்குக்குப் பொறி தட்டியது. குரலைத்தானே எடுத்தார்கள்? முகத்தை வைத்திருக்கிறார்களே!

அந்த முகம் வந்தது. திரை முழுக்க அவள் முகம், ஒவ்வோர் உதடும் ஒரு கை அகலம். வீணையோ வயலினோ ஏதோ ஒன்று பின்னால் அழுதது. ஆண்குரல் சொன்னது: "கவனம் சிதறிய ஒரு நொடி, இவர் குடும்பத்தின் கனவைச் சிதைத்தது. ஆனாலும் இவர் யாரையும் குறை சொல்வதில்லை."

அந்தக் குரலை அங்கே ஒருத்தியும் கேட்கவில்லை. இரைச்சலைத் தள்ளிவிட்டு உதட்டைப் பார்ப்பதுதானே அவர்கள் தினம் செய்யும் வேலை. முதலில் பின்வரிசையில் ஒருத்தி திரையைப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள்: "பெல்ட்டுக்கு மேல தகடு இருந்துச்சு." பக்கத்தில் இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள்: "கழட்டச் சொன்னது மேனேஜர்." அப்புறம் பத்துப் பேர், ஐம்பது பேர். திரையில் உதடு அசைய அசைய, கூடம் அதற்குக் குரல் கொடுத்தது: "நாலு நிமிசத்துக்காகக் கழட்டினாரு. ஆபீசர் வர்றாருன்னு திரும்ப மாட்டினாரு. பாக்கலைன்னு சொன்னது பொய். நாங்க நாப்பது பேரும் பாத்தோம்."

அதிகாரி நாற்காலியில் முழுக்கத் திரும்பினார்.

"நிறுத்துய்யா படத்த!" என்று கத்தினார் மேனேஜர். விளக்குகள் எரிந்தன. "சார், படத்துல அப்படி ஒண்ணுமே இல்ல, நீங்களே கேட்டீங்கள்ல? இதுங்களா எதையோ சொல்லுதுங்க."

சங்கு எழுந்தாள். "மேடம்!" அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. "நான் பேசினது உங்ககிட்ட இருக்கா, அழிச்சிட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

கண்ணாடியம்மா மேனேஜரைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். கடைசியில் சங்கைப் பார்த்தார். "இருக்கு" என்றார். "முழுசா இருக்கு. அவங்க சொன்னது அத்தனையும் அதுல இருக்கு."

மேனேஜர் வாசலில் நின்ற காவலாளியிடம் கையைக் காட்டினார். ஷிப்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போதே மில் சங்கு அலறத் தொடங்கியது. நேரே கூரைக்கு மேல்தான் அது இருந்தது. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். மேனேஜர், எல்லோரும் வேலைக்குப் போங்கள் என்று கையால் விரட்டினார். ஒருத்திகூட அசையவில்லை.

சத்தத்தைப் போட்டு யாரை அடக்கப் பார்க்கிறார் அந்த மனுஷர்! இருநூறு பெண்களும் வாயைத் திறந்து, ஒலியில்லாமல், சேர்ந்து பேசினார்கள். எல்லோரும் பெஞ்சின் ஓரத்தில் இருந்தவளைப் பார்த்துத்தான் பேசினார்கள். நீ கவனமாத்தான் இருந்தே. நாங்க பாத்தோம். நீ கவனமாத்தான் இருந்தே.

நாத்தனார் ஒவ்வோர் உதடாகப் படித்தாள். கடைசியில் அண்ணியின் உதட்டுக்கு வந்தாள். சங்கு அழுதுகொண்டே, முதன்முதலில் சொல்லிக்கொடுத்த நாளைப் போல, ஒவ்வோர் எழுத்தாக வைத்துக் காட்டினாள்: என்ன மன்னிச்சிரு.

மில் சங்கு எத்தனை நேரம்தான் ஊதும்? அது இழுத்து இழுத்து ஓய்ந்தது. அந்த அமைதியில் நாத்தனார் எழுந்து முன்னால் நடந்தாள். அதிகாரிக்கு எதிரில் நின்று துணிப்பையை உருவி நாற்காலியில் போட்டாள். இரண்டே விரல் இருந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இவங்க என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்காது, நான் சொல்றேன் சார். நான் கவனமாத்தான் இருந்தேன்." குரல் முதலில் உடைந்தது, பிறகு கூடிக்கொண்டே போனது. "இன்னிக்கு நீங்க படம் பாக்கத்தானே வந்தீங்க, அதனால தகடு ஒண்ணும் ஏறியிருக்காது. அத்தனையும் ஸ்டோர்லதான் கெடக்கு. எழுந்து வாங்க, காட்டறேன்."

"சார், ஸ்டோர் சாவி இப்ப..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

நாத்தனார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தறிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். இருநூறு பேரும் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு அவள் பின்னால் போனார்கள். கண்ணாடியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேமராக்காரரின் தோளைத் தட்டிக் கிளப்பிக்கொண்டு ஓடினார். அதிகாரி ஒரு நொடி உட்கார்ந்து பார்த்தார், பிறகு நாற்காலியில் கிடந்த துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வாசலில் நாத்தனார் நின்று திரும்பினாள். "என்ன அண்ணி, ஆடி அசைஞ்சு வர்றீங்க? சீக்கிரம் வாங்க" என்று சிடுசிடுத்தாள். மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது அவள் இப்படிச் சண்டைக்கு வந்து.