மூன்றாம் ஆண்டுப் பதிவு

“எத்தினை வருசம் எண்டு சொன்னனீ?”

“நாலு வருசம், ஐயா.”

“நாலு வருசம். என்ரை கடைக்கு மேல்மாடி கட்டி முடிக்கவே அஞ்சு வருசம் எடுத்தது. போயிடும், போயிடும். ஆனா ஒண்டு சொல்லுறன் பிள்ளை. எந்த நேரமெண்டாலும் நான் வா எண்டு சொன்னா, ஏன் எண்டு கேளாமல் வந்திடவேணும். சம்மதமோ?”

“சம்மதம்.”

“பிறகு சோதினை கீதினை எண்டு சாட்டுச் சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டன். வரிசை நகருது ஐயா, நடவுங்கோ.”

1981ஆம் ஆண்டு, கொழும்புக்குத் தெற்கே கட்டுபெத்தை வளாகத்தில் முதலாம் ஆண்டுப் பதிவு நாளன்று நடந்த கதை அது. மாத்தளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அப்புத்துரை விடியப்புறமே பஸ் ஏறி வந்து, தன் தலை காய மகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். யன்னலுக்குப் பின்னால் இருந்த எழுதுவினைஞர், பெண்பிள்ளை எஞ்சினியரிங் படித்து என்ன செய்யப்போகிறாள் என்று சிங்களத்தில் கேட்டார். அப்புத்துரையும் சிங்களத்திலேயே ஏதோ சொன்னார். எழுதுவினைஞர் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “என்ன சொன்னனீங்கள்?” என்று அம்பிகை கேட்டாள். “கடைக்கூரை ஒழுகுது, அதைத் திருத்தத்தான் படிக்கிறாள் எண்டனான்” என்றார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

எண்பத்துமூன்று ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, அவர் வா என்றார். கொழும்பில் அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடமொன்றின் வாசலில், யாரோ கொடுத்த அளவு பொருந்தாத சேட்டோடு நின்று, அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சரக்குக் கப்பலின் தட்டில் இருந்தபடி காங்கேசன்துறை வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், சரவணையில் பூட்டிக்கிடந்த பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கடை என்ன ஆனது என்று அவர் வாய்திறந்து சொன்னதில்லை. அன்றிலிருந்து ஒரு சிங்களச் சொல்லும் அவர் வாயில் வரவில்லை. வானொலியில் சிங்களம் கேட்டால் எழுந்து போய் நிறுத்திவிடுவார். தகப்பன் வழிக் காணியில் புகையிலை நட்டார். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட, ஒழுங்கையில் என்ன வருகிறது என்று பார்க்க வசதியாகத் திரும்பி நின்றுதான் ஊற்றுவார்.

விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாண வளாகத்தில் இடம் மாற்றிக் கொடுத்தார்கள். எஞ்சினியரிங்குக்கு அங்கே பீடமே இல்லை. படிப்பதென்றால் திரும்பிக் கட்டுபெத்தைக்குத்தான் போகவேண்டும். அம்பிகை ஒரு வருடத் தவணை கேட்டு எழுதினாள், கிடைத்தது. அந்த வருடமும் இப்போது முடிந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் நேரில் போய் மூன்றாம் ஆண்டுக்குப் பதியாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போகவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. “பாப்பம்” என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் அவள் பயந்தாள். வேண்டாம் என்றால் வாதாடலாம், அழலாம், இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கலாம். ‘பாப்பம்’ என்ற சொல்லோடு என்ன செய்வது?

இதற்கிடையில் ஆவணியில் அவளுக்கு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்திருந்தது. மாப்பிள்ளை பரராசசிங்கம், கரம்பொனைச் சேர்ந்தவன். அவளோடு ஒரே வரிசையில் நின்று பதிந்து, ஒரே வகுப்பில் இரண்டு வருடம் இருந்தவன். இந்த வருடத் தொடக்கத்திலேயே அவன் அவள் இல்லாமல் திரும்பிப் போய் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டான். இனி ஒரு வருடம்தான். பதிவுகாரர் வந்து கையெழுத்து வாங்கிப் போனபின் சட்டத்துக்கு அவர்கள் புருசனும் பெண்சாதியும். ஊருக்கு அப்படியில்லை. தாலி ஏறும்வரை அவள் அப்புத்துரையின் மகள்தான். மாப்பிள்ளை வந்தால் முன்விறாந்தையில் இருக்கவேண்டும், அவள் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவு நிலையோடு நிற்கவேண்டும். கலியாணம் அவன் பட்டம் எடுத்த பிறகு என்று பேச்சு. ஒரு வீட்டுக்கு ஒரு எஞ்சினியர் போதாதா என்று பெண்பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், கரம்பொன் மாமி, சிரித்துக்கொண்டே கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அம்பிகையும் சிரித்தாள். பிறகு ஏன் சிரித்தேன் என்று நெடுநாள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளிடம் இருந்தது. ஒருநாள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்ற தகப்பன் தாயிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. “எழுத்து எண்டா ஒரு கடுதாசிதானே கமலாதேவி. பெடியன் சிங்களப் பக்கத்தால, அநுராதபுரம் தாண்டிப் போய்வாறவன். வழியில ஒண்டு நடந்தாலும் எங்கட பிள்ளை தாலி அறுக்கத் தேவையில்லை. உது இப்பிடியே கிடக்கட்டும்.” அன்பில்தான் சொன்னார். அந்த அன்பு ஏற்கெனவே அவனைப் பாதி கொன்றுவிட்டதுபோல அவளுக்குத் தோன்றியது.

மார்கழிப் பாதியில், விடுமுறை முடிந்து திரும்புவதற்கு முன் பயணம் சொல்லிக்கொள்ளப் பரராசசிங்கம் சைக்கிளில் வந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மறிக்கப்பட்டான். திருவெம்பாவை நாட்களானதால் வீட்டில் மரக்கறிச் சமையல்.

“மாப்பிள்ளைக்கு நண்டு வைச்சுத் தர ஏலாத நாளாப் பாத்து வந்திருக்கிறீர்” என்றார் அப்புத்துரை.

“கத்தரிக்காய்ப் பால்கறிக்காகத்தான் இந்த நாளாப் பாத்து வந்தனான் மாமா. கம்பஸ் கன்ரீன்ல கத்தரிக்காயை நாங்கள் பேர் சொல்லித்தான் அடையாளம் பிடிக்கிறது.”

கமலாதேவி சிரித்து இன்னொரு அகப்பை போட்டாள். கதவு நிலையில் நின்ற அம்பிகை, “பொய். இரண்டு தரம் வாங்கித் தின்னுறனீர்…” என்று தொடங்கி, தாய் திரும்பிப் பார்த்ததும், “…தின்னுறனீங்கள்” என்று முடித்தாள். வளாகத்தில் இரண்டு வருடம் நீர் என்று பழகிய நாக்கு, எழுத்துக்குப் பிறகு தாய் சொல்லிக்கொடுத்த ‘நீங்கள்’ஐ இன்னும் ஏற்கவில்லை. அவன் இலையைப் பார்த்தபடி சிரித்தான்.

“இப்ப எங்கட ஆக்கள் எத்தினை பேர் தம்பி அங்கை?” என்று அப்புத்துரை கேட்டார்.

“நாங்கள் பதியேக்கை எங்கட பிரிவில இருபத்தெட்டுப் பேர் மாமா. இந்த வருசத் தொடக்கத்தில திரும்பிப் போனது பதினொரு பேர். சோதினைக்கு இருந்தது ஒன்பது.”

“மற்றவை?”

“கொஞ்சப்பேர் லண்டன், ஜேர்மனி. சிலபேர் எங்கை எண்டு வீட்டுக்காரருக்கே தெரியாது. பொம்பிளைப் பிள்ளையள் ஒருத்தரும் வரேல்லை.” அவன் சொல்லிவிட்டு ஒருமுறை கதவு நிலையைப் பார்த்தான். அப்புத்துரை மோரை ஊற்றிப் பிசைந்தார். அந்த இடத்தில் யாராவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவளையும் அனுப்புங்கோ என்று அவன் சொல்லியிருக்கலாம். அவன் சொல்வான் என்றுதான் ஆவணியிலிருந்து அவள் காத்திருந்தாள்.

அப்போதுதான் இராணுவ ட்ரக்கின் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில், வேலணைப் பக்கம். பிறகு பிரதான வீதியைவிட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது கியர் மாறுகிற உறுமல். அப்புத்துரையின் கை இலையிலேயே நின்றது. முந்தின கிழமை பக்கத்து ஊரில் இரண்டு பெடியளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவன் இன்னும் திரும்பவில்லை.

“சைக்கிளை எடுத்துக் குசினிக்குப் பின்னால போடு” என்று கமலாதேவிக்குச் சொன்னார். “தம்பி, கொட்டிலுக்குள்ள போம். பிள்ளை, நீயும். நிக்காதை, ஓடு!”

தாலி ஏறாத பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு கொட்டிலுக்குள் தள்ளிப் படலையைச் சாத்துவதற்கு அந்த வீட்டில் ஒருவரும் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. புகையிலை உலர்த்தும் கொட்டில் அது. இந்த மாதத்தில் வெறுமையாகக் கிடந்தாலும் போன போகத்தின் காரம் கிடுகில் ஊறிப்போய்க் கண்ணை எரித்தது. அவனுடைய வலக்கையில் இன்னும் சோறு ஒட்டியிருந்தது. அவன் அதை எங்கே துடைப்பதென்று தெரியாமல் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றான். அம்பிகை தன் தாவணித் தலைப்பால் அந்தக் கையைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடிந்த பின்னும் விடவில்லை.  

“ஏன் ஐயாட்டைக் கேக்கேல்லை?” அவள் குரல் மூச்சாகத்தான் வந்தது. “பொம்பிளைப் பிள்ளையள் வரேல்லை எண்டு சொல்லத் தெரியுது.”

“எப்பிடிக் கேக்கிறது அம்பிகை? நான் கூட்டிக்கொண்டு போய், வழியில உமக்கு ஒண்டு நடந்தால்? நான் எந்த முகத்தோட இந்தப் படலையைத் திறக்கிறது? ஒவ்வொரு தரமும் ரெயின் அநுராதபுரத்தில நிக்கேக்கை நான் புத்தகத்தைத் திறந்து வைச்சிருப்பன். ஒரு எழுத்தும் தெரியாது. உம்மை வாரும் எண்டு சொல்ல எனக்குப் பயம். வரவேண்டாம் எண்டு சொல்லவும் பயம்.”

ட்ரக் வாசலில் நின்றது. சப்பாத்துகள் குதிக்கும் சத்தம். கிடுகின் ஓட்டை வழியே அவளுக்கு முற்றத்தின் ஒரு துண்டுதான் தெரிந்தது: கிணற்றடி, தண்ணீர் இறைக்கும் துலா, தகப்பனின் வெறும் முதுகு. மூன்று பேர், நான்கு பேர். ஒருவனுடைய துவக்கு முனை கொட்டிலைக் காட்டியது, எதையோ கேட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு அந்தக் குரலைக் கேட்டாள். ஒன்றரை வருடமாகக் கேட்காத குரல். அவளுடைய தகப்பன் சிங்களம் பேசினார். தட்டுத் தடுமாறாமல், கடை முன்றலில் வாடிக்கையாளரோடு பேசுகிற அதே தாராளத்தோடு, ஐயாமாரே தண்ணீர் குடியுங்கள், இந்தக் கிணறு மட்டும்தான் இந்தப் பக்கத்தில் உவர் இல்லாதது என்றார். வீட்டில் யார் என்று கேட்டார்கள். நானும் மனைவியும்தான் என்றார். பிள்ளைகள்? ஒரு மகள். எங்கே? அம்பிகைக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனாலும் அடுத்த வசனம் அவளுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. மகள் கட்டுபெத்தையில் எஞ்சினியருக்குப் படிக்கிறாள், என்றார் அப்புத்துரை. இரண்டு வருடம் முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு. கெட்டிக்காரி. அங்கேதான் இருக்கிறாள்.

ஒருவன் ஏதோ சொன்னான். இன்னொருவன் தன் தங்கையும் அங்கே போகச் சோதினை எடுத்தவள், கிடைக்கவில்லை என்றான். துலா கீச்சிட்டு இறங்கி ஏறியது. குடிக்கிற சத்தம், வாளி தரையில் மோதுகிற சத்தம். அவள் கண்ணைத் திறந்தபோது, கொட்டிலைக் காட்டியவன் இரண்டு அடி நடந்து வந்து, மூக்கைச் சுருக்கி, புகையிலை நெடிக்குத் தும்மினான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் திரும்பிவிட்டான்.

ட்ரக் போய்ச் சத்தம் அடங்கிய பின்னும் கொட்டிலுக்குள் இருவரும் அசையவில்லை. படலையைத் திறந்தது கமலாதேவி. அவள் மகளின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். அப்புத்துரை கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தார். அவருடைய வேட்டி இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்கவேண்டும் என்று அம்பிகை தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

“போயிட்டாங்கள்” என்றார் அவர். “தம்பி, நீர் நாளைக்கே வெளிக்கிடும். இனி இஞ்சை நிக்கவேண்டாம். அங்கை படிக்கிற பெடியன் அங்கை நிக்கிறதுதான் சரி.” சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். “நீ உள்ளை போ பிள்ளை.”

அவள் போகவில்லை. கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. உடம்பு திரும்ப மறுத்தது. தூரத்தில் அந்த ட்ரக் மறுபடி கியர் மாறுவது மெல்லக் கேட்டது. வேறு யாருடைய ஒழுங்கையோ. முற்றத்து ஈரமண்ணில் சப்பாத்தடிகள் கிணற்றடி மட்டும் வந்து, ஒரு சோடி கொட்டிலை நோக்கி நீண்டு, நின்று, திரும்பியிருந்தன. அவற்றுள் மெல்ல நீர் ஊறிக்கொண்டிருந்தது.

“ஐயா, நாளைக்கு நானும் இவரோட போகட்டோ?”

“மார்கழியில என்னடி கதைக்கிறாய்?” கமலாதேவி குறுக்கிட்டாள். “தாலி ஏறாமல் ஒரு பிள்ளை…”

“தாலியைத் தையில கட்டலாம் அம்மா. பதிவைத் தையில செய்ய ஏலாது.” அவள் தாய்க்குச் சொன்னாலும் தகப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாவணியைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். “எனக்கும் பயம்தான் ஐயா. இஞ்சையும் பயம், அங்கையும் பயம். நீங்கள் சொல்லாமல் நான் போகமாட்டன். ஆனா நான் படிச்சு முடிக்கவேணும். என்னைப் போ எண்டு சொல்லுங்கோ.”