கம்பளிக்குள் ஒரு பட்டாணி

1
அக்கா, இந்தக் கதை நேற்றுக் காலை என் காதுக்குள் தொடங்கியது. உனக்கும் அப்பாவுக்கும் சொல்ல, படம் எடுக்க வந்த இந்த அயல்நாட்டுக் கடலோர ஊரின் படகுத்துறைச் சுவரோரம் உட்கார்ந்து ஃபோனிடம் பேசுகிறேன், அது எழுதுகிறது. காற்று அடித்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். அப்படியே விட்டுவிடுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெலெபித் மலையிலிருந்து புரா காற்று இறங்கிய காலையில், துணிச்சலான ஓர் இளம் ஒலிப்பதிவாளர்"

வேண்டாம். துணிச்சல் என்பது பொய். மைக் கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். [குளிரால் என்று அப்பாவிடம் சொல்.]

2
புரா வீச்சு வீச்சாக, விட்டு விட்டு அடிக்கும். அடிக்கும்போது லாரியே சாயும். இங்கே பேசிக்கொண்டிருப்பவர்கள் வீச்சு வந்தால் நிறுத்துவார்கள், போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். "எங்க விட்டேன்?" என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. வெளியே சொல்ல முடியாததை வீச்சுக்குள் சொல்லிவிடுவார்கள். மாமியாரைத் திட்டுவது, கடவுளோடு சண்டை, எல்லாம். காற்றில் சொன்னது சொன்னதாகாது. அதற்குக் காது கொடுப்பவர் இந்த ஊரில் இல்லை.

நான் வரும்வரை.

3
யாகொதா படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அம்மா. தம்பி லூக்காவின் படகு ஒரு புரா நாள் காலையில் போய்த் திரும்பவில்லை. அதைப் பற்றித்தான் எங்கள் ஆவணப்படம். கடைசிக் காட்சியில், துறையின் நுனியில் நின்று அந்தக் காலையைச் சொல்ல யாகொதா ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு தடவைதான் சொல்வேன் என்றார்.

மைக்குக்கு என்ன போர்த்துவது என்பது என் பாடு. பஞ்சுத் தொப்பி இந்தக் காற்றுக்குக் காகிதம் மாதிரி. கூடைக்குள் மைக்கைத் தொங்கவிட்டு, மேலே ரோம உறை போட்டால் காற்று ரோமத்தில் சிக்கிச் சாகும். ஆனால் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல மங்கும்.

"பூனையைப் போட்டுரு," என்றார் இயக்குநர் தீஹோமிர். ரோம உறைக்கு அவர் வைத்த பெயர்.

"அவங்க குரல் சின்னது, தீஹோ. பூனை முழுங்கிரும்."

"அப்ப காத்து முழுங்கட்டுமா? யாரு முழுங்கணும்னு நீயே முடிவு பண்ணு, மங்கை. எனக்குக் குரல் வேணும்."

பூனையைப் போட்டேன். பயம் அடங்கவில்லை. யாகொதாவின் கழுத்துக் கம்பளிக்குள், நெஞ்சை ஒட்டி, ஒரு குட்டி மைக்கையும் வைத்தேன்.

"என்னடி இது, பட்டாணியா?"

"மைக். உங்க கம்பளிதான் அதுக்குக் குடை."

அவரே இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டார். "புரா வந்தா மாதா கோயில் புனிதருக்கே காது கேக்காது. உன் பட்டாணிக்கா கேக்கும்?"

4
காமிரா ஓடியது. லூக்கா பாதி காப்பியை வைத்துவிட்டு எழுந்ததைச் சொன்னார். துறைக்கு ஓடியதைச் சொன்னார். "படகுக் கயித்த அவனே..." என்னும்போது வீச்சு வந்தது. நிறுத்தினார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மைக் மாட்டிய என் கழி வளைந்தது. பூனை காதில் உறுமியது. பட்டாணி உயிரோடு இருக்கிறதா பார்க்கலாம் என்று ஹெட்ஃபோனை அதன் பக்கம் மாற்றினேன்.

அக்கா, அங்கே காற்றே இல்லை. வெளியே வானம் பெயர்ந்து விழுவதுபோல இருக்கிறது. உள்ளே விளக்கு வைத்த அறை மாதிரி ஓர் அமைதி. நெஞ்சு துடிப்பது கேட்டது. அப்புறம் ஒரு குரல். யாகொதா பேசிக்கொண்டிருந்தார்.

"லூக்கா, அன்னைக்கு நான்தான்

[இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.]

வீச்சு நின்றது. அவர் காமிராவுக்குத் திரும்பினார். "...அவுத்துட்டுப் போனான்," என்று முடித்தார்.

"பட்டாணில ஏதாச்சும் விழுந்துச்சா?" என்றார் தீஹோமிர்.

"இன்னும் கேக்கல."

"சரி, நாளைக்குச் சாயந்தரம் வந்து ரெக்கார்டிங் கார்டை வாங்கிக்கிறேன்."

5
முடிவு ஒன்று: கார்டைக் கொடுத்துவிடுகிறேன். படத்தில் அதைவிடப் பெரிய காட்சி இருக்காது. ஊர் மண்டபத்தில் திரையிடுவார்கள். முன்வரிசையில் யாகொதா உட்கார்ந்திருப்பார்.

முடிவு இரண்டு: அழித்துவிடுகிறேன். என் காதை எப்படி அழிப்பது?

முடிவு மூன்று: யாகொதாவிடமே ஹெட்ஃபோனைக் கொடுக்கிறேன். அதற்கப்புறம் அவர் எந்தக் காற்றை நம்பி வாயைத் திறப்பார்?

6
இரு அக்கா. டிக்கெட் கூண்டைப் பூட்டிவிட்டு அவரே வருகிறார். தமிழ் தெரியாது அவருக்கு; அவர் பேச்சை நான்தான் தமிழாக்கிச் சொல்கிறேன். நடப்பதை நடக்க நடக்கச் சொல்கிறேன்.

"வீட்டுக்கா பேசுற? எந்நேரமும் அந்த ஃபோனோட என்னடி பேச்சு," என்கிறார். பக்கத்தில் உட்கார்கிறார். "மங்கை, உன் பட்டாணிக்கு நேத்து..."

வீச்சு வருகிறது. அவர் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். இந்த ஊர்க்காரிபோல முதல்முறையாக வீச்சுக்குள் வாயைத் திறக்கிறேன். கேட்டது என்ன, அதை என்ன செய்யப்போகிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன்.

[                                        ]

காற்று நின்றுவிட்டது.

"...குளிரலையே?" என்று முடிக்கிறார் யாகொதா.

"இல்ல. கம்பளி நல்லா இருந்துச்சு."

அவர் தலையாட்டுகிறார். கம்பளியைக் கழற்றி என் கழுத்தில் சுற்றுகிறார்; இன்னும் சூடாக இருக்கிறது. படியில் தீஹோமிர் கையை நீட்டிக்கொண்டே இறங்கி வருகிறார். அக்கா, மேலே அடைப்புக்குறிக்குள் ஃபோன் ஒரு சொல்கூடப் பிடிக்கவில்லை. நான் சொன்ன முடிவை நீயே எழுதிக்கொள். சீக்கிரம். கார்டு இன்னும் என் கையில்தான்