ஒரே மடக்கு

டிப்போவில் அவளை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. பஸ் ஓட்டுகிறவள், வாய் வண்டியைவிட வேகம். அப்படிப்பட்டவள் ஒரு காலை சிக்னலில் கண்ணயர்ந்துவிட்டாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்து எழுப்பியபோது பயணிகளைவிட அதிகம் வெலவெலத்துப் போனது அவள்தான்.

ரத்தத்தைச் சோதித்தால் தைராய்டு ஏடாகூடமாக இருந்தது. அதற்கென்று ஏற்கெனவே கொடுத்திருந்த மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று மேலாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். வண்டியை வாங்கிக்கொண்டு டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்தார். அடுத்த சோதனையும் இதே லட்சணம் என்றால் ஆயுசுக்கும் ஜன்னல்தான்.

இறக்கியதுகூட நியாயம். தூங்கி வழிகிறவளை நம்பி ஒரு வண்டி ஜனத்தை அனுப்ப முடியுமா? ஆனால் பொய்க்காரி ஆக்கியதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலும் கணவர் அதே பாட்டைப் பாடினார்.

"நடுவுல எங்கயாவது மறந்திருப்பே."

"சோத்தை மறந்தாலும் மறப்பேன், மாத்திரையை மறக்க மாட்டேன்!"

டாக்டரம்மாவும் விடவில்லை. "ரெண்டு தடவை அளவைக் கூட்டியாச்சு, ஒண்ணும் அசையல. உண்மையைச் சொல்லுங்க, எத்தனை நாள் விட்டீங்க?"

அக்கா கைப்பையைத் திறந்து, மறுநாளுக்கென்று கட்டி வைத்திருந்த பொட்டலத்தை மேசைமேல் கொட்டினாள். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, எலும்புக்குக் கால்சியம், மூன்றும் உருண்டன.

"நல்லாப் பாருங்க. வண்டியைக் கிளப்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வாயில போட்டு, காப்பியை ஊத்தி ஒரே மடக்கு. டிப்போவே சாட்சி!"

சொல்லும்போதே பெருமை தாங்கவில்லை. மற்ற ஓட்டுநர்கள் ஒவ்வொரு மாத்திரையாகத் தேடிக்கொண்டிருப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டியிருப்பாள்.

டாக்டரம்மா மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அளவைக் கூட்டறதுக்கு முன்னாடியே இதை நான் கேட்டிருக்கணும். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை வயித்துக்குள்ளயே புடிச்சு வச்சுக்குது. ரத்தத்துல சேர விடறதில்ல. போதாக்குறைக்குக் காப்பி வேற."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கையாலேயே தன் மருந்தைக் கெடுத்திருக்கிறாள்! ஆனாலும் தலை குனியவில்லை.

"அப்போ நான் பொய் சொல்லல."

"இல்ல."

"அதை மேலாளர்கிட்டயும் சொல்லுங்க. இப்பவே, என் எதிர்ல."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

கூட்டிய அளவையும் பழையபடி குறைத்தார். அதன்பிறகு எழுந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை மட்டும். காப்பியும் பலகாரமும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் நாலு மணி நேரம் கழித்துத்தான். கணவர் எதிரில் உட்கார்ந்து காப்பியை உறிஞ்சும்போது அவளுக்கு அவரை அடிக்கக் கை பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சில வாரங்களில் தூக்கம் தெளிந்தது. மறு சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். மேலாளர் முடிவைப் படித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் சரிதான். ஆனாலும் உடம்புன்னு ஒண்ணு இருக்கே? ஜன்னல்லயே இருங்களேன். நிழல், பேன், நிம்மதி."

"முதல்ல மாத்திரை போடலைன்னீங்க. போட்டேன்னு தெரிஞ்சதும் உடம்புங்கறீங்க. உடம்பு சரின்னா நாளைக்கு வயசும்பீங்க. தூங்கினப்போ இறங்குன்னீங்க, வாயைத் திறக்காம இறங்கினேன். இப்ப முழிச்சிருக்கேன் சார்."

விடுவிடென்று வெளியே போனாள். அவளுடைய தடத்துக்கான பஸ் ஜனம் ஏறிப் புறப்படத் தயாராக நின்றது. மாற்று ஓட்டுநர் அவள் முகத்தைப் பார்த்ததும் தானாகவே இறங்கிக்கொண்டார். ஏறி உட்கார்ந்து, இருக்கையைத் தன் உயரத்துக்கு இழுத்துப் போட்டாள். மேலாளர் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னை இறக்கணும்னா ஜனங்க எதிர்ல காரணத்தைச் சொல்லி இறக்குங்க!"

வண்டியே திரும்பி அவரைப் பார்த்தது. அவர் கேட் காவலாளியின் பக்கம் திரும்பினார். கேட்டைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.