எல்.சி. வாங்கியவன் குரல்

…நன்றி, அவ்வளவுதான், மூன்றே எழுத்து, இதைச் சொல்ல ஒரு மனுசன் விடிந்ததிலிருந்து வாயைக் கோணிக்கொண்டு கிடக்க வேண்டுமா, ஐம்பத்து மூன்று வயதில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை இந்த வார்த்தையை, யாரிடம் சொல்வது, சோறு போட்டதற்கு மணிமேகலையிடம் சொல்லியிருந்தால் பெண்டாட்டி பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள், பத்திரிகையிலும் கட்சி மேடையிலும் தவிர ஊரில் எவன் சொல்கிறான்… நாகராசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்தபடி மறுபடியும் முயன்றார். நாக்கு மேலே போய் ஒட்டியது, ஒட்டியது அப்படியே நின்றது. பதினோரு மணிக்கு அடைக்கலமேரி வருகிறாள், சப் ஸ்டேஷன் ஆபரேட்டர், நைட் டியூட்டி முடித்துக் கீரமங்கலத்திலிருந்து பஸ் ஏறிவிட்டதாக மணிமேகலைக்குப் போன் வந்தாயிற்று. உயிரைக் காப்பாற்றியவள் எதிரே வந்து நிற்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் மரக்கட்டை மாதிரிக் கிடந்தால் அப்புறம் என்ன பெரிய லைன்மேன்.

ஸ்ட்ரோக் என்றார் பெரிய டாக்டர், மூளையில் இடது பக்கம் ரத்தம் உறைந்து க்ளாட், அதனால் வலது கை, வலது கால், கூடவே பேச்சு, அதற்கு அபேசியா என்று பெயராம், பெண் குழந்தைக்கு வைக்கலாம் போல அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே எல்லாம் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை, ஃபீடரில் கரண்ட் இருக்கிறது, வீட்டுக்குப் போகிற சர்வீஸ் வயர்தான் அறுந்து கிடக்கிறது, இதை டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார், எங்கே சொல்வது… பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சத்யா தினமும் படம் காட்டுகிறாள், சீப்பு, பூட்டு, டம்ளர். டம்ளரைக் காட்டினால் வாயில் இன்சுலேட்டர் வருகிறது, சீப்புக்கு ஜம்பர். முப்பது வருசம் கம்பத்தில் ஏறிய வாய்க்கு வேறு என்ன தெரியும். ஆனால் பன்னாடை வருகிறது, வெண்ணை வருகிறது, பஸ் ஸ்டாண்டில் பொறுக்கியதெல்லாம் துளி பிசிறில்லாமல் வருகிறது. முதல் நாள் சின்ன டாக்டர் பெலிக்ஸ் கையைத் தூக்கச் சொன்னதும் ‘போடா வெண்ண’ என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கணீரென்று வந்தது, மணிமேகலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. “ஏச்செல்லாம் மூளையில வேற எடத்துலேருந்து வரும்மா, அதான் மொதல்ல வருது, திட்டட்டும், நல்லதுதான்” என்றான். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். சத்யாவும் நன்றாக இருக்கட்டும், நேற்று டம்ளருக்கு அவளையும் பன்னாடை என்றாயிற்று, பக்கத்துல வந்துட்டீங்கய்யா என்று கை தட்டுகிறாள். இத்தனை பேர் இத்தனை பொறுமையாக இருப்பதற்கு நாம் யாருக்கு என்ன செய்துவிட்டோம்… நினைக்கும்போதே கண் கலங்கித் தொலைக்கிறது, இதுவும் வியாதியில் சேர்த்தியாம்.

அன்றைக்கு மட்டும் அவள் சுவிட்சைப் போட்டிருந்தால்… வேண்டாம், நினைக்க வேண்டாம், நினைக்காமல் எங்கே இருக்க முடிகிறது, கண்ணை மூடினால் அந்தக் கம்பம்தான். தென்னந்தோப்புக்குள் பதினோராயிரம் வோல்ட் லைன், எல்.சி. வாங்கி, அதாவது இந்த லைனை நிறுத்திவிட்டேன் என்று அடைக்கலமேரி போனில் சொல்லி, இவர் திருப்பிச் சொல்லி, அவள் நோட்டில் எழுதிய பிறகுதான் ஏறியது. யார் எல்.சி. வாங்கினாரோ அவர் வாயால் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி கரண்ட், வேறு எவர் சொன்னாலும் கிடையாது, வேலையில் சேர்ந்த அன்றே மண்டையில் ஏற்றுகிற சட்டம் அது. அறுந்திருந்த ஜம்பர் கம்பியைக் கட்டி முடித்து, “முடிஞ்சிச்சுடா, எர்த் ராடக் கழட்டு” என்று ஹெல்ப்பர் நிலவழகனுக்குக் குரல் கொடுத்தார், இறங்கக் காலை எடுத்தார், கால் வரவில்லை. வலது கை யாரோ மாட்டிவிட்டுப் போன கை மாதிரித் தொங்கியது. இடுப்பு பெல்ட் மட்டும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இரண்டு கம்பம் தள்ளி, தென்னைகளுக்கு அந்தப் பக்கம் நிலவழகன், தப்பித்தவறி கரண்ட் வந்தாலும் மண்ணுக்கு இறக்கிவிடுகிற அந்த ராடைக் கழற்றி வைத்துவிட்டு, அண்ணன் இறங்கியிருப்பார் என்று போனைக் காதில் வைப்பது மட்டைகளின் இடுக்கில் தெரிகிறது. டேய் பேசாதடா, நான் மேலேதான் இருக்கிறேன், பேசாதடா… ஒரு சத்தமும் வரவில்லை. தோள் கம்பியில் சாய்ந்திருந்தது. அந்த நேரத்தில் சாமி ஞாபகம்கூட வரவில்லை, இந்தக் கம்பி ஒன்றுதான் உலகத்தில் இருந்தது. அப்புறம் நிலவழகன் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருகிறான், அழுதுகொண்டே ஏறுகிறான், பொடிப் பயல் கயிற்றில் கட்டி இறக்கினான் தொண்ணூறு கிலோவை. கரண்ட் வரவில்லை. அடைக்கலமேரி போடவில்லை. எல்.சி. வாங்கியவர் பேசினால்தான் ஆச்சு என்று உறுதியாக நின்றிருக்கிறாள், ஆபரேட்டர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அவள் வந்துவிட்டாள், கையில் ஒரு தூக்குவாளி, தூங்காத கண்கள், மணிமேகலை ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இப்போது சொல்ல வேண்டும், ந… அதற்குள் அவளே பேசத் தொடங்கிவிட்டாள், குரலைத் தாழ்த்தி, தரையைப் பார்த்தபடி. “அண்ணே, எல்லாரும் என்னயப் பெருமையாப் பேசுறாங்க. ஏ.ஈ. சார் மீட்டிங்ல கை தட்டச் சொன்னாரு. எனக்குக் கூசுதுண்ணே. நான் சுவிட்ச்சுல கைய வச்சுட்டேன்.” என்ன சொல்கிறாள் இவள்… “நிலவழகன்தான் பேசுனான், எல்.சி. ரிட்டன்னு. இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு தடவ அவன் பேசி நான் போட்டிருக்கேன்ல, அதே பழக்கத்துல எந்திரிச்சுப் போயி கைய வச்சுட்டேன். அவன் பேசுறப்பல்லாம் பின்னாடி ஒங்க ஏச்சுச் சத்தம் கேக்கும், சீக்கிரம் சொல்லித் தொலடா பன்னாடன்னு. அன்னைக்கு ஒண்ணும் கேக்கல. ஒரே அமைதி. அண்ணன் எங்கடான்னு கேட்டேன், அவன் திரும்பிப் பாத்துட்டு அலறிட்டான். அம்புட்டுத்தாண்ணே. சட்டப்படி நான் எதுவும் செய்யல. என்னய மன்னிச்சுருங்க.”

மணிமேகலை திரும்பி அவர் வாயையே பார்த்தாள், இந்த வாய்க்காக முப்பது வருசம் புருசனைக் கரித்துக் கொட்டியவள். நாகராசு இடது கையை நீட்டி அடைக்கலமேரியின் கையைப் பிடித்தார், அந்தக் கை சில்லென்று இருந்தது, பதினோரு நாளாக இந்தப் பிள்ளை தூங்கியிருக்க மாட்டாள். நன்றி தாயி, நீ கையை எடுத்தாயே, அது போதும், எந்தச் சட்டமாக இருந்தால் என்ன, காதால் காப்பாற்றினாய்… எல்லாவற்றையும் திரட்டி, மூச்சைப் பிடித்து, வாயைத் திறந்தார். “பன்னாட” என்று வந்தது, பளிச்சென்று, அன்பாக. அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போதும்ணே, ஏசிட்டீங்க, மன்னிச்சுட்டீங்கன்னு அர்த்தம்” என்றாள். தூக்குவாளிக் கஞ்சியை மணிமேகலையிடம் கொடுத்துவிட்டு, மனப்பாரம் இறங்கியவளாக வார்டைக் கடந்து போனாள்.

போகட்டும், இன்றைக்காவது தூங்கட்டும். ஆனால் அந்த ரெண்டு மூணு தடவை நிலவழகனைப் பேசச் சொன்னது யார்… வெயிலாக இருக்கிறது, நீயே சொல்லிவிடுடா என்று மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தது எந்த வெண்ணை. அந்தப் பழக்கத்தை அவளுக்குப் பழக்கியதே இந்தக் கைதானே, அவள் என்னவோ தன் தப்பு என்று சுமந்துகொண்டு வந்து, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போகிறாளே. கூப்பிட வேண்டும், நில்லு தாயி, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் என்று சொல்ல வேண்டும்… வாசல் திரை ஆடி அடங்கிவிட்டது. மணிமேகலை கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைக்கே பதினோரு நாளாக வழியைக் காணோம், இப்போது அவளுக்குச் சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது.