கலங்கரை விளக்கத்து மெழுகுவத்தி

மாமியார் வந்து சில வாரம் தங்கப்போகிறார் என்று மனைவி சொன்னபோது கண்ணாடிக்காரர் பதறவில்லை. மாமியார் வீட்டில் குளியலறைக் குழாய் வெடித்து, தரையெல்லாம் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். வேலை முடியும்வரை மகள் வீட்டில் இருப்பது நியாயம்தான். ஆனால் வந்த அன்றே மாமியார் கைப்பையைத் திறந்து, கீல் முறிந்து இரண்டு துண்டாகிவிட்ட பழைய வீடியோ கேம் கருவி ஒன்றை மேசைமேல் வைத்தபோது, கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு படபடத்தது. பயத்தில் இல்லை, ஆசையில்.

கடைத்தெருவில் அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதிப்பது, லென்ஸ் வெட்டுவது, ஃப்ரேம் பொருத்துவது எல்லாம் அவரே. அது பிழைப்பு. உயிர் வேறிடத்தில் இருந்தது. கைக்கு அடக்கமான கேம் கருவிகளைப் பிரித்து மேய்வதும், கம்பெனிக்காரன் போட்ட சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு வேறொன்றை ஏற்றுவதும்தான் அவர் வாழ்க்கையின் சுகம். அப்படி அவர் வளர்த்த செல்லம் ஒன்று இருந்தது. புதுக் கருவி. அதோடு வந்த உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி புகை நிறக் கண்ணாடி உறை மாட்டியிருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "நான் நாள் முழுக்கப் பார்க்கிறதை நீங்க வீட்டுக்கே கொண்டுவந்துட்டீங்க" என்பாள்.

"எப்படி அத்தை உடைஞ்சுது?" என்று கேட்டார்.

"டேஷ்போர்டு மேல வச்சிருந்தேன். படிக்க வந்தவர் ஒருத்தர் பிரேக்குன்னு நினைச்சு வேற எதையோ மிதிச்சார். வண்டிக்கு ஒண்ணும் ஆகல. இது பறந்துபோச்சு."

மாமியார் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மற்றவர்கள் ஓட்டுவதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்துப் பார்த்து, உலகத்தில் யாருக்கும் எதுவும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். அதில் மாப்பிள்ளைக்கு மட்டும் விலக்கு அளிக்கக் காரணம் எதுவும் அவருக்குத் தென்படவில்லை. அவருக்கு ஓய்வு என்றால் ஒரே ஒரு கேம்தான். குட்டித் தபால்காரன் ஒருவன் ஸ்கூட்டரில் தீவு தீவாகப் போய்க் கடிதம் கொடுப்பான். வருஷக்கணக்காக விளையாடி, கடைசித் தீவின் வாசலுக்கு வந்திருந்தார். அங்கே வைத்துத்தான் கருவி பறந்தது.

"கவலையை விடுங்க அத்தை. கேசட் நல்லாத்தானே இருக்கு? நீங்க விளையாடினதெல்லாம் கேசட்டுக்குள்ளதான் இருக்கும். என்னோடதுல பழைய கேசட்டும் ஓடும்" என்றார் கண்ணாடிக்காரர். சொல்லும்போதே குரலில் ஒரு மிதப்பு.

"ஓடட்டும் பார்ப்போம்" என்றார் மாமியார்.

ஓடவில்லை. கேசட்டைச் செருகியதும் திரை சுண்ணாம்படித்தது போல வெளுத்து நின்றது. கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார். யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. பழைய கேம்களை ஓட்டுவதற்கென்று கம்பெனிக்காரன் தனியாக ஒரு பகுதி வைத்திருந்தான். இது எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு என்று போன வருஷம் அவரே அதைத் துடைத்துப் போட்டிருந்தார். அதைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஏற்றுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

அடுத்து கேம் வந்தது. ஆனால் தபால்காரன் நாய் துரத்துவது போலப் பறந்தான். வளைவுகளில் ஸ்கூட்டர் சாய்ந்த சாய்வைப் பார்த்து மாமியாரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"இவன் ஏன் மாப்பிள்ளை இப்படி ஓட்டுறான்? இவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?"

"வேகத்தை நான்தான் கூட்டி வச்சிருந்தேன் அத்தை. புதுக் கேமுக்காக. அது பழசையும் சேர்த்து முடுக்கிவிடுது."

"கூட்டினவருக்குக் குறைக்கத் தெரியணும்ல."

குறைத்தார். தபால்காரன் பழைய நிதானத்துக்கு வந்து, கைகாட்டி, நிறுத்தி, திரும்பினான். மாமியார் சோபாவில் சாய்ந்தார். கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த நிம்மதி இரண்டு நாள் நீடித்தது.

கடைசித் தீவில் ஒரு கலங்கரை விளக்கம். உச்சி அறையில் காவலாளி மேசைமேல் கவிழ்ந்து குறட்டை விடுகிறான். பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. ஆளுக்கு இருட்டென்றால் பயம். மெழுகுவத்தியை அணைத்தால் அலறிக்கொண்டு எழுவான். எழுந்தால்தான் கடைசிக் கடிதத்தைக் கொடுக்க முடியும். அணைப்பதற்குப் பொத்தான் கிடையாது. விளையாடுகிறவர் கருவியின் மைக்கில் நிஜமாகவே ஊதவேண்டும்.

மாமியார் ஊதினார். சுடர் அசையவில்லை. இன்னும் பலமாக ஊதினார். காவலாளி குறட்டை விட்டான்.

"கொடுங்க அத்தை" என்று வாங்கிக் கண்ணாடிக்காரர் ஊதினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். மனைவியும் ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு, திரையில் படிந்த எச்சிலைத் துடைத்துக் கொடுத்தாள்.

குற்றம் சாஃப்ட்வேரில்தான் என்று கண்ணாடிக்காரர் சத்தியமே செய்திருப்பார். புதுப் பதிப்பு ஏற்றினார், எடுத்தார். பழையது ஏற்றினார், எடுத்தார். இவரைப் போன்ற பைத்தியங்கள் கூடும் இணையக் குழுவில் பிரச்சினையை விலாவாரியாக எழுதிப் போட்டார். முகம் தெரியாத ஒருவர் மட்டும் பதில் போட்டிருந்தார்: 'நன்றாக ஊதிப் பார்த்தீர்களா?'

மாமியாரின் டிரைவிங் ஸ்கூல் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துத் தெரு. மதிய இடைவேளையில் கருவியோடு கடைக்கே வந்துவிடுவார். அன்றும் வந்தார். அந்நேரம் பார்த்து ஒரு வங்கி மேனேஜர் பரிசோதனைக்கு வந்திருந்தார். கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கும் இயந்திரம் கண்ணில் சட்டென்று காற்றை ஊதும். "பயப்படாதீங்க சார், லேசா ஒரு காத்து ஊதும், அவ்வளவுதான். இயந்திரம் சூடாகட்டும்" என்று அவரை உட்காரவைத்துவிட்டு, கண்ணாடிக்காரர் கல்லாவுக்குப் பின்னால் வந்தார்.

"புதுசா ஒண்ணு ஏத்தியிருக்கேன் அத்தை. இப்ப ஊதுங்க."

மாமியார் ஊதினார்.

"இன்னும் கிட்ட வச்சு. வயித்திலிருந்து ஊதணும். இங்க பாருங்க, இப்படி."

இருவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு மாறி மாறி ஊதுவதை மேனேஜர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைச் செருமினார்.

"என் கண்ணுல ஊதப்போறது நீங்களா, அந்த அம்மாவா?"

அவரைச் சமாதானப்படுத்தி இயந்திரத்தின் முன்னால் உட்காரவைப்பதற்குள் கண்ணாடிக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மாமியார் உதவிக்கு வந்து, "நான் எதுக்கு சார் உங்க கண்ணுல ஊதப்போறேன்? நான் டிரைவிங் சொல்லித்தர்றவ" என்றார். அதைக் கேட்டதும் மேனேஜர் இன்னும் குழம்பினார்.

அன்று மாலை கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்ததும், ஏன் இதை முதலிலேயே செய்யவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு ஒரு சோதனை செய்தார். கருவியில் குரல் பதியும் வசதி ஒன்று இருந்தது. அதை ஓடவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, திருப்புளி எடுக்க மாடிக்குப் போனார். திரும்பி வந்து பதிந்ததைப் போட்டார். மைக் செத்துவிடவில்லை. ஆனால் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல ஒரு குரல் கேட்டது.

"...மாப்பிள்ளை நல்லவர்தான்டி. ஆனா..."

அதற்குப் பிறகு வெறும் முணுமுணுப்பு. கண்ணாடிக்காரர் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். 'ஆனா'வுக்கு அந்தப் பக்கம் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எதிரே மாமியார் சன்னல் திரைச்சீலையின் தையலை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். மனைவி சிரிப்பை அடக்கமுடியாமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"என் குரல் ஏன் மாப்பிள்ளை தலையணைக்குள்ள இருந்து வருது?" என்றார் மாமியார், பேச்சை மாற்றுகிறவராக.

கண்ணாடிக்காரர் கருவியைத் திருப்பிப் பார்த்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். புகை நிற உறைக்குள் மைக் நன்றாகவே தெரிந்தது. சின்னஞ்சிறு வெள்ளிப் பொட்டு. அதற்கு நேர் எதிரே, உறையில் ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. அழகாக, வழுவழுவென்று மூடியிருந்தது. இந்த உறையைச் செய்தவன் மறந்திருக்கிறான். புதுக் கேம் எதுவும் மைக்கைக் கேட்பதில்லை என்பதால் இவருக்கும் இதுவரை தெரியவில்லை. ஊதிய காற்றெல்லாம் கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பி வந்திருக்கிறது.

"கண்ணு டெஸ்ட் பண்றவர் கண்ணுக்கு இது தெரியலையா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தே.

மறுநாள் கடையைத் திறந்ததும் மாமியாரும் கூடவே வந்தார். சுற்றுச் சட்டமில்லாத கண்ணாடிகளுக்கு லென்ஸில் துளை போடும் நுணுக்கமான இயந்திரம் ஒன்று கடையில் இருந்தது. உறையை மட்டும் தனியே கழற்றி அதன் அடியில் வைத்தார் கண்ணாடிக்காரர். எத்தனையோ லென்ஸில் கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டவர்தான். இன்று துளைக்கான இடத்தை நாலுமுறை அளந்து பார்த்தார். ஊர் ஊராகத் தேடி வாங்கிய உறை அது.

"நிதானமா. அவசரமே இல்ல. சட்டுனு அழுத்தாதீங்க" என்றார் பக்கத்து ஸ்டூலில் இருந்த மாமியார். அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

துளை விழுந்தது. கூடவே, துளையிலிருந்து மூலைவரை மயிரிழை போல ஒரு விரிசலும் ஓடியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் முகம் செத்துப்போயிற்று. மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

மாட்டி முடித்துக் கருவியை நீட்டினார். மாமியார் கலங்கரை விளக்கத்தின் படியெல்லாம் ஏறி, மெழுகுவத்தியின் முன்னால் நின்று, பழைய வேகத்தில் ஊதினார். சுடர் மட்டுமா அணைந்தது, காவலாளியின் தொப்பியும் பறந்தது. அவன் அலறிய அலறலில் கடைக்கு வெளியே போன ஒருவர் எட்டிப் பார்த்தார்.

கடிதம் கை மாறியது. வானத்தில் கொஞ்சம் பறவைகள். கேமைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே போயின. திரை இருண்டது.

மாமியார் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுபோச்சா?" என்றார்.

அந்தக் கேள்வியில் இருந்த வெறுமை கண்ணாடிக்காரரைச் சுருக்கென்று தைத்தது. இத்தனை பாடுபட்டு, இந்த மனுஷியிடம் இருந்த ஒரே விளையாட்டைத் தீர்த்துக் கொடுத்துவிட்டோமே என்று தோன்றியது. மேசைமேல் கிடந்த லென்ஸ் ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

அப்போது திரை மறுபடி வெளிச்சமானது. தபால்காரன் அதே தீவில், ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தான். பை நிறையக் கடிதம். கீழே ஒரு வரி வந்தது: 'இனிப் பதில் கடிதங்கள்.'

"இதெல்லாம் திரும்ப எடுத்துட்டுப் போய்க் கொடுக்கணும் போல" என்றார் மாமியார். முதுகு தானாக நிமிர்ந்தது. "அத்தனை தீவுக்கும்."

"ஆமா அத்தை."

"அப்போ இது கொஞ்ச நாள் என்கிட்டயே இருக்கட்டும்."

"எவ்வளவு நாள் அத்தை?"

மாமியாரின் விரல் ஏற்கெனவே பொத்தானில் இருந்தது. தபால்காரன் கிளம்பிவிட்டிருந்தான். கண்ணாடிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"அடுத்த திருப்பத்துல இடது பக்கம் அத்தை" என்றார்.

"தெரியும். நீங்க பேசாம வாங்க."