பச்சைப் பட்டனில் ஒரு வார்த்தை

தொம்மலூரில் மலர் வேலை பார்த்த கம்பெனி, மறுமணத்துக்கு வரன் தேடும் செயலி ஒன்றைத் தயாரித்திருந்தது. முதல் பக்கத்துப் பச்சைப் பட்டனில் என்ன ஆங்கில வார்த்தை போடுவது என்பது மட்டும்தான் பாக்கி. அதற்காக ஒரு மீட்டிங் போட்டார்கள்.

மேனேஜர் சுந்தரராமன் 'ரீஸ்டார்ட்' என்றார்.

"அது ஃபோன் ஹேங் ஆனா பண்றது சார்," என்றார் டெஸ்டிங் பார்க்கும் ஆண்ட்ரூ.

"அப்ப ரெஸ்யூம்?"

"பழைய புருஷன்கிட்டயே திரும்பிப் போகச் சொன்ன மாதிரி ஆயிடும்."

'கமென்ஸ்' என்று யாரோ சொன்னதும், ரோட்டைத் தோண்டுமுன் வைக்கும் போர்டுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. 'இனிஷியேட்' என்றபோது, யார் மேல் நடவடிக்கை என்று சுந்தரராமனே கேட்டார். கடைசியில் ஸ்டார்ட்டும் பிகினும் நின்றன.

"ரெண்டும் ஒண்ணுதானே, ஸ்டார்ட்டே போட்டுடலாம்," என்று அவர் லேப்டாப்பை மூடப்போனார்.

"ஒண்ணு இல்ல சார்," என்றாள் மலர். செயலியின் வாசகங்களை எழுதியவள் அவள்தான். "ஸ்டார்ட்னா வண்டி. சாவியைத் திருப்பினா ஓடியே ஆகணும். பிகின்னா அவ்வளவு அவசரம் இல்ல. பயந்துக்கிட்டே கூட வரலாம்."

"இது எந்த டிக்‌ஷனரில இருக்கு?"

"தெரியல சார். எனக்கு டைவர்ஸ் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு."

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். டைவர்ஸ் ஆனதை அவள் ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லப்போவதாக அவளுக்கே தெரியாது. சுந்தரராமன் 'பிகின்' என்று குறித்துக்கொண்டு, பச்சை கொஞ்சம் தூக்கலாக இல்லையா என்று கேட்டார்.

செயலி வெளியானது. சோதனைக்காகப் பாதிப் பேருக்கு ஸ்டார்ட், பாதிப் பேருக்கு பிகின் என்று காட்டிப் பார்த்ததில், ஸ்டார்ட்டைத்தான் நிறையப் பேர் அழுத்தியிருந்தார்கள். சுந்தரராமன் அவள் மேஜைக்கே வந்து, துக்கம் விசாரிக்கும் குரலில் அதைச் சொன்னார்.

"மாத்திடுங்க சார். அவங்களுக்கு அவசரம் போல," என்றாள் மலர்.

அன்று சாயங்காலம் மழை. காக்ஸ் டவுனுக்குப் போகிற ஆண்ட்ரூ, அவளைக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போவதாக ஆட்டோ பிடித்தார். ஸ்டேஷன் வந்தும் அவர் கிளம்பவில்லை; ஆட்டோவை அனுப்பிவிட்டு அவளோடு பிளாட்பாரத்துக்கு வந்தார்.

"என் வொய்ஃப் தவறி மூணு வருஷம் ஆச்சுங்க. அன்னிக்கு மீட்டிங்ல நானும் சொல்லணும்னு நினைச்சேன். வாய் வரல."

"அவங்க பேரு?"

"ஸ்டெல்லா," என்றார் ஆண்ட்ரூ. பிறகு நெடுநேரம் ஸ்டெல்லாவைப் பற்றியே பேசினார். மலர் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் ரயில் வந்து நின்று, கிளம்பியும் போனது.

அடுத்த ரயிலில் வருவதாக அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். ஏன் லேட் என்று கேட்டதற்கு, மழை என்றாள்.